பழைய டிரான்ஸீவரும் அதை வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வியும்

பிறர் பயன்படுத்திய பழைய டிரான்ஸீவர் ஒன்றை விலை கொடுத்து வாங்க நினைப்பவர் எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். டிரான்ஸீவர் என்பது வானலைகளை அனுப்பும் பகுதியையும் வாங்கும் பகுதியையும் ஒரே பெட்டிக்குள் கொண்ட கருவி. வருமானம் கருதாமல், கற்கும் ஆர்வத்தாலும் பிறரோடு தொடர்பு கொள்ளும் விருப்பத்தாலும் அரசின் உரிமம் பெற்று இக்கருவியைக் கையாள்வோர் அமெச்சூர் வானொலியர் என்றும், பேச்சுவழக்கில் ஹாம் என்றும் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் தங்கள் கருவியை ‘ரிக்’ என்றோ ‘செட்’ என்றோ சொல்வார்கள். இந்த உரையிலும் செட் என்ற சொல்லே பெரிதும் வரும்.

ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் காலத்தில், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்ட கனத்த பெட்டி ஒன்று எதற்காக? இந்தக் கேள்விக்கு 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 விடை சொல்கிறது. அந்தமான் தீவுகளிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் தங்கியிருந்தபோதுதான் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன அந்த நாட்களில், பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன அதே கருவிகளே தீவுகளில் சிக்கியோரின் செய்தியை நிலப்பகுதியில் இருந்த உறவினர்களுக்குச் சேர்த்தன. ஒரு கோபுரத்தையோ, ஒரு கம்பெனியையோ நம்பியிராத தொடர்பு அது. ஒரு செட்டும், ஒரு பேட்டரியும், ஒரு கம்பியும் இருந்தால் போதும்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தத் தொடர்பு எந்த அளவு பொருந்தும்? கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், மேற்கே கேரள எல்லையில் எழுந்து நிற்கும் தொடரும் சூழ்ந்த நிலம் இது. கையில் பிடித்துப் பேசும் சிறிய வி.எச்.எஃப். செட்டின் அலை நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. மலை குறுக்கிட்டால் அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் எச்.எஃப். எனப்படும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் வேறு வழியில் செல்கின்றன. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலையைத் தாழக் கட்டிய ஆண்டெனாவிலிருந்து அனுப்பினால், அது செங்குத்தாக மேலேறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஒரே சமயத்தில் இறங்குகிறது. மதுரையும் திருச்சியும் கொச்சியும் பகல் நேரத்திலேயே கேட்கும். இதற்கு வேண்டிய ஆண்டெனா, நடுவில் கேபிள் இணைத்த ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள சாதாரணச் செம்புக் கம்பி. அதை இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் கட்டிவிடலாம். ஆனால் திராட்சைப் பந்தலின் மேல் கட்டுவது கூடாது. கம்பம் பன்னீர் திராட்சை படரும் அந்தப் பந்தல் முழுதும் இரும்புக் கம்பி வலையாக இருப்பதால், ஆண்டெனாவை அதற்கு மிக அருகில் கொண்டு சென்றால் அதன் அளவும் திறனும் மாறிப்போகும். தோட்டத்துக்காரர்கள் இதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

ஆக, பள்ளத்தாக்குக்கு ஏற்றது எச்.எஃப். செட். புதிய எச்.எஃப். செட்டின் விலையோ, ஒரு மாணவரோ, சிறு விவசாயியோ, பள்ளி ஆசிரியரோ எளிதில் எட்டக்கூடியதன்று. அதனால்தான் பழைய செட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்திய ஹாம்களின் வரலாறே பெரும்பகுதி பழைய செட்டின் வரலாறாக இருப்பதும் அதனால்தான்.

சென்னையில் 1924-ஆம் ஆண்டு மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் செய்தது. பணத் தட்டுப்பாட்டால் 1927-இல் அக்கழகம் மூடப்பட்டபோது அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. தமிழ்நாட்டு வானொலியின் தொடக்கத்திலேயே இவ்வாறு ஒரு கருவி கைமாறியிருக்கிறது! இரண்டாம் உலகப்போரின்போது ஹாம் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. போர் முடிந்து உரிமங்கள் மீண்டும் வந்தபோது, ராணுவம் கழித்துத் தள்ளிய வால்வு (வெற்றிடக் குழாய்) செட்களே கைக்கு எட்டும் கருவிகளாக இருந்தன. அவற்றை வாங்கி, பிரித்து, அறுத்து, மீண்டும் கட்டி, பல பத்தாண்டுகள் இந்திய ஹாம்கள் காற்றில் நின்றார்கள். இறக்குமதி வரி மலைபோல் நின்ற காலம் அது. தாமும் ஒரு ஹாமாக இருந்த ராஜீவ் காந்தி பிரதமரான 1980-களில் வரிச்சுமை குறைந்து, ஜப்பானியச் செட்கள் இந்தியாவுக்குள் தாராளமாக வரத் தொடங்கின. இன்று மூத்த ஹாம்களின் மேசையிலிருந்தும், அவர்கள் மறைந்தபின் குடும்பத்தாரின் பரணிலிருந்தும் விலைக்கு வருபவை பெரும்பாலும் அந்தச் செட்களே.

அவ்வாறு ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டவுடன் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடலாமா? ஓடக் கூடாது. முதலில் சட்டம். 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமமின்றி இத்தகைய கருவியை இயக்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே குற்றம் என்றது; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதியின் கட்டாயம் தொடர்கிறது. ஆகவே உரிமம் முன்னே, செட் பின்னே. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவரும் முறையில் இரண்டு நிலைகள் உண்டு: தொடக்க நிலையினர் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்று 50 வாட் வரையும், மோர்ஸ் தேர்வையும் சேர்த்து எழுதிய பொது நிலையினர் வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்று 400 வாட் வரையும் அனுப்பலாம். பழைய செட்கள் பெரும்பாலும் 100 வாட் திறனுள்ளவை என்பதால், தொடக்க நிலை உரிமக்காரர் வாங்க இருக்கும் செட்டில் திறனைப் பாதியாகக் குறைக்கும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். விற்பவரின் உரிமம், செட்டின் வாங்கிய ரசீது அல்லது இறக்குமதித் தாள், தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், இருவரின் அழைப்புக்குறி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஆகியவை இல்லாத செட், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பெட்டியின் பின்புறத்தில் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

இனி செட்டுக்கு வருவோம். இன்று சந்தைக்கு வரும் பழைய எச்.எஃப். செட்களை இரண்டு தலைமுறைகளாகக் கொள்ளலாம். இரண்டையும் பற்றி வாங்குபவர் மறவாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பழுதானால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், அதை மாற்றத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார்? முகப்பு பளபளக்கிறதா என்பதும், நண்பர்கள் புகழும் மாடலா என்பதும் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

முதல் தலைமுறை, 1970-களில் வந்த கலப்புச் செட்கள். யாயேசு நிறுவனத்தின் எஃப்.டி.101 வரிசையும், கென்வுட் நிறுவனத்தின் டி.எஸ்.520 வரிசையும் இவற்றில் புகழ்பெற்றவை. உள்ளே பெரும்பகுதி டிரான்சிஸ்டர். ஆனால் அலையை வலுப்படுத்தி ஆண்டெனாவுக்கு அனுப்பும் கடைசிப் படியில் மட்டும் மூன்று வால்வுகள், அதாவது ஒரு சிறிய டிரைவர் வால்வும் இரண்டு பெரிய வால்வுகளும். இங்கேதான் அந்தக் கேள்வி தன் பயனைக் காட்டுகிறது. எஃப்.டி.101-இன் தொடக்க கால வகைகளில் உள்ள பெரிய வால்வு, பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்ட 6ஜே.எஸ்.6சி; தொலைக்காட்சியில் வால்வு மறைந்ததும் அதுவும் அரிதாகிவிட்டது. பின்னர் வந்த எஃப்.டி.101 இசட்.டி.யிலும் கென்வுட் டி.எஸ்.830எஸ்.ஸிலும் உள்ள 6146பி வால்வோ, அலைபரப்புக்கென்றே செய்யப்பட்டு ராணுவமும் கப்பல்களும் பல்லாண்டுகள் பயன்படுத்திய குடும்பத்தைச் சேர்ந்தது. தேடினால் இன்றும் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உடன்பிறந்தவைபோல் தோன்றும் இரண்டு செட்களில் ஒன்று பல்லாண்டு உழைக்கும், மற்றொன்று ஒரு வால்வுக்காக முடங்கிக் கிடக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு: 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் ஹாம்களுக்கு இடம் கிடைத்தது 1979-ஆம் ஆண்டின் உலக மாநாட்டில்தான் என்பதால், அதற்கு முந்தைய செட்களில் அந்த அலைப்பகுதிகளில் பேச இயலாது.

வால்வு செட்டைச் சோதிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத செட்டை நேரே 230 வோல்ட்டில் மாட்டுவது பெரும் பிழை. ஜப்பான் நாட்டுக்குள் விற்கப்பட்ட செட் 100 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே டிரான்ஸ்பார்மர் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும். அதன்பின், ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோரிடமும் உள்ள சீரிஸ் பல்பு போர்டு வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். 100 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். ஒரு கணம் எரிந்து மங்கினால் மேலே செல்லலாம். வேரியாக் எனப்படும் மாற்றக்கூடிய டிரான்ஸ்பார்மர் கிடைத்தால் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவது இன்னும் நல்லது. உள்ளே உலர்ந்து கிடக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வெடிக்காமல் மெல்ல உயிர்பெற அது வழி செய்கிறது. இவ்வேளையில் மூடியைத் திறந்து கைவிடக் கூடாது. வால்வுகளின் மேல்முனையில் நிற்பது 600 வோல்ட்டுக்கும் மேல். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். உயிர் போகும் அளவு அது.

அடுத்தது அனுப்பும் பகுதி. ஆண்டெனா இருக்கும் இடத்தில் டம்மி லோடு, அதாவது அலையைக் காற்றில் விடாமல் வெப்பமாக விழுங்கும் 50 ஓம் சுமையை இணைத்து, பேசாமல் செட்டை அனுப்பு நிலைக்கு மாற்றினால், மீட்டர் முள் 50 முதல் 60 மில்லிஆம்பியர் அருகே நிற்க வேண்டும். பிறகு பிளேட் குமிழைத் திருப்பும்போது முள் ஓரிடத்தில் பளிச்சென்று இறங்க வேண்டும். இந்த இறக்கத்தை ஹாம்கள் ‘டிப்’ என்பார்கள். டிப் கிடைத்தபின் லோடு குமிழைக் கூட்டி, மீண்டும் டிப் பார்த்து, வெளிவரும் வாட்டை அளக்க வேண்டும். இவ்வளவையும் பத்து விநாடிக்குள் முடித்து, சற்று ஓய்வு கொடுத்து, மறுபடி செய்ய வேண்டும். டிப் இல்லாத நிலையில் நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் வால்வின் தகடு சிவந்து, அதன் ஆயுள் கண்ணெதிரிலேயே தேயும். 100 வாட் வர வேண்டிய இடத்தில் 40 வாட்தான் வருகிறதென்றால் வால்வு களைத்துவிட்டது. அதன் விலையைச் செட்டின் விலையில் கழித்துப் பேச வேண்டும். இந்தச் சோதனையைச் செய்துகாட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. ஆனால் விலை கொடுத்து வாங்கும் செட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும்!

இரண்டாம் தலைமுறை, 1980-களில் வந்த முழு டிரான்சிஸ்டர் செட்கள்: யாயேசு எஃப்.டி.757, ஐகாம் ஐ.சி.735, கென்வுட் டி.எஸ்.440எஸ் போன்றவை. இவை 13.8 வோல்ட்டில் இயங்குவதால் வாகன பேட்டரியோ, சோலார் பேட்டரியோ இருந்தால் மின்வெட்டிலும் பேசும். டிப், லோடு என்ற வேலையும் இல்லை. அனுப்பும்போது மட்டும் ஏறத்தாழ 20 ஆம்பியர் கேட்கும் என்பதால் தடித்த ஒயரும் சரியான பியூசும் வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும் மலையடிவார ஊருக்கு, பேட்டரியில் இயங்கும் இந்தத் தலைமுறையே முதல் செட்டாகத் தகுந்தது என்பது இவ்வுரையின் துணிபு. வால்வு செட் கற்பிக்கும் பாடம் பெரியது. ஆனால் அதை இரண்டாவது செட்டாக வாங்கிக் கற்கலாம்.

எனினும் அந்தக் கேள்வி இங்கேயும் விடாமல் தொடர்கிறது: பழுதானால் உதிரிப்பாகம் எங்கே? அக்காலச் செட்கள் பலவற்றின் கடைசிப் படியில் இருந்த 2எஸ்.சி.2290, 2எஸ்.சி.2879 போன்ற டோஷிபா டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி நின்றுவிட்டது. அதே எண்ணைப் பொறித்த போலிகள் சந்தையில் ஏராளம். ஆகவே முழுத் திறன் வருகிறதா என்பதை எல்லா அலைப்பகுதியிலும் டம்மி லோடில் அளந்து பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம். வாங்கும் பகுதி மட்டும் நன்றாக வேலை செய்யும் செட்டை நன்றாக வேலை செய்யும் செட் என்று சொல்லி விற்பது எளிது.

சில மாடல்களுக்கு அவற்றுக்கே உரிய நோய்களும் உண்டு. டி.எஸ்.440எஸ் செட்டில் எண்கள் தெரிய வேண்டிய திரையில் திடீரென்று வெறும் புள்ளிகள் தோன்றி, செட் ஊமையாகிவிடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அலைவெண்ணை உருவாக்கும் சுற்றில் பாகங்கள் அசையாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசை, ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் பழுத்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். பொறுமையோடு அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தால் செட் பிழைத்துக்கொள்ளும். ஐகாம் ஐ.சி.751 செட்டிலோ, இயங்குவதற்கான தகவலே ஒரு சிறிய லித்தியம் மின்கலத்தின் தயவில் நினைவுச் சில்லில் நிற்கிறது; மின்கலம் தீர்ந்தால் தகவல் அழிந்து, பெட்டி வெறும் பெட்டியாகிறது. முதல் நோயை ஒரு மாலை நேரத்தில் பற்றிரும்போடு அமர்ந்து தீர்க்கலாம். இரண்டாவதற்கு மாற்றுச் சில்லு அட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பழுது என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு!

வாங்கும் பகுதியைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை, காது போதும். மாலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் வைத்து ஆண்டெனா கேபிளைக் கழற்றி மாட்டினால், இரைச்சல் தெளிவாகத் தாழ்ந்து உயர வேண்டும். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பும்போது கரகரத்தால், அது தூசியும் துருவும். கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போகலாம். ஆனால் அலைப்பகுதி மாற்றும் சுவிட்சைத் தொட்டாலே ஒலி வந்து வந்து போனால் அது பெரிய வேலை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் அலையில் அரைமணி நேரம் செட்டை விட்டுவைத்து, அவர் குரல் மெல்ல மெல்லக் கட்டையாகவோ கீச்சாகவோ மாறுகிறதா என்று கேட்க வேண்டும். மாறினால் அலைவெண் நகர்கிறது. வால்வு செட்டில் சூடேறும்வரை சிறிது நகர்வது இயல்பு. டிரான்சிஸ்டர் செட்டில் அது நோய். கடைசியாக மூடியைத் திறந்து, முன்னிருந்தவர் கைவைத்த இடங்களைப் பார்க்க வேண்டும். உருண்டு திரண்ட பற்றவைப்பு, அறுத்துவிட்ட டையோடு, எங்கிருந்தோ எங்கேயோ ஓடும் சிவப்பு ஒயர் ஆகியவை இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். ஹாம்களுக்கு உரியதல்லாத அலையில் பேசுவதற்காகத் திருத்தப்பட்ட செட்டாக இருந்தால், அதை வாங்குபவர் பிறருடைய குற்றத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

இவ்வளவையும் ஒரு தொடக்க நிலை மாணவர் தனியே செய்துவிட முடியுமா? முடியாது, முடியவும் வேண்டாம். அனுபவமுள்ள ஒரு ஹாமை உடன் அழைத்துச் செல்வதே இந்தச் சமூகத்தின் வழக்கம். ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் கூடும் ஹாம்ஃபெஸ்ட் இந்தியா திருவிழாவில் பழைய கருவிகள் மேசையில் வைத்து விற்கப்படுவதையும், நாலுபேர் கூடி ஒரு செட்டைத் திறந்து பார்ப்பதையும் காணலாம். அங்கே வாங்காமல் பார்த்துவிட்டு வந்தாலே பாதிப் படிப்பு முடிந்துவிடும். கையில் பணம் குறைவாக இருப்போருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சிறிய செட், சாதாரணக் கடைப் பாகங்களைக் கொண்டே கட்டும்படி அமைக்கப்பட்டு, உலகின் பல நாடுகளில் மாணவர்களால் கட்டப்பட்டது. அதை ஒருமுறை கட்டியவருக்குப் பழைய செட்டின் உள்ளே எதைக் கண்டும் அச்சம் வராது.

விலை எவ்வளவு என்று இந்த அவையில் பலரும் கேட்கக் காத்திருப்பது இயல்பே. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் அந்தத் தொகையைச் சொல்வதைவிட, கணக்குப் போடும் முறையைச் சொல்வதே பயன் தரும். நல்ல நிலையில் உள்ள அதே மாடல் அண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று இரண்டு மூன்று ஹாம்களிடம் கேட்டு, அத்தொகையிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும்: மைக் இல்லையென்றால் மைக்கின் விலை, பவர் சப்ளை இல்லையென்றால் அதன் விலை, வால்வு களைத்திருந்தால் ஒரு ஜோடி வால்வின் விலை, சர்வீஸ் மேனுவல் எனப்படும் பழுதுநீக்கும் கையேடு இல்லையென்றால் அதற்கும் ஒரு தொகை. பழுதென்று விற்பவரே ஒத்துக்கொள்ளும் செட்டுக்கு, உதிரிப்பாகத்துக்காகப் பிரிக்கும் செட்டின் விலையே விலை. சின்னப் பழுதுதான் என்ற உறுதிமொழிக்குப் பணம் கொடுக்கலாகாது.

வாங்கிய செட்டை ஊருக்குக் கொண்டுவருவதிலும் கவனம் வேண்டும். கலப்புச் செட்டின் டிரான்ஸ்பார்மர் மிகவும் கனமானது. பார்சலில் போட்டால் அது தன் எடையாலேயே அடிச்சட்டத்தை வளைத்துவிடும். வால்வுகளைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி, செட்டை மடியிலோ இருக்கையிலோ வைத்துப் பேருந்தில் கொண்டுவருவதே பாதுகாப்பு. வீட்டில் வைத்தபின் முதல் வேலை எர்த். ஈரம் தங்கும் இடத்தில் அடித்த செம்புக் கம்பிக்கும் செட்டின் பின்புறத் திருகுக்கும் தடித்த ஒயரால் இணைப்புக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வேலை, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் ஆண்டெனாவை அளப்பது. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். முள் 1.5-க்குக் கீழே வரும்வரை கம்பியின் இரு முனைகளையும் சமமாக வெட்டியோ நீட்டியோ சரிசெய்த பிறகே முழுத் திறனில் பேச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமலைப் பக்கம் இடி கேட்டால், பேச்சு எவ்வளவு சுவையாகப் போய்க்கொண்டிருந்தாலும் விடைபெற்று, ஆண்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, அதன் முனையைச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.